ஒரே வடிவம், இரண்டு ஒலி: செர்பியர்கள் எப்படித்தான் வாசிக்கிறார்கள்?

குறில்நெடில்

இரண்டு நாளாக ஒரு விஷயம் மண்டையைக் குடைகிறது. இங்கே கொட்டிவிட்டால் நிம்மதி.

செர்பிய மொழியை இரண்டு எழுத்து முறைகளில் எழுதுகிறார்கள்: சிரிலிக் (ரஷ்ய மொழியை எழுதும் முறை), லத்தீன் (ஆங்கிலத்தை எழுதும் முறை). இரண்டிலும் 30 எழுத்துகள். மொழியில் இருப்பதும் 30 ஒலிகள்தான், ஒலிக்கு ஓர் எழுத்து. எழுதியபடியே வாசிக்கலாம். பள்ளிக்கூடம் போன எவருக்கும் இரண்டும் தெரியும். இதுவரை வில்லங்கம் இல்லை.

வில்லங்கம் பெரிய எழுத்துகளில் இருக்கிறது. ஏழு வடிவங்கள் இரண்டுக்கும் பொது, ஒலியும் ஒன்றே: அ, எ, ஒ, க, ம, த, ய. அவற்றால் தொல்லை கிடையாது. இன்னும் நான்கு வடிவங்கள் இரண்டிலும் இருக்கின்றன, ஆனால் ஒலி வேறு. லத்தீன் பி சிரிலிக்கில் 'வ'. லத்தீன் பி சிரிலிக்கில் 'ர'. லத்தீன் ஹெச் சிரிலிக்கில் 'ந'. லத்தீன் சி (செர்பியத்தில் அதற்கு 'த்ஸ' ஒலி) சிரிலிக்கில் 'ஸ'.

இப்போது ஒரு சொல் முழுக்க இந்தப் பதினொரு வடிவங்களாலேயே அமைந்துவிட்டால்? கண்ணுக்கு எதிரே ஒரே சொல், வாயில் இரண்டு உச்சரிப்பு. இதை வைத்து 1970களின் பிற்பகுதியிலிருந்து பெல்கிரேடில் வரிசையாகச் சோதனைகள் செய்திருக்கிறார்கள். முடிவுகளைப் படித்தபின், வாசிப்பு பற்றி நான் நம்பிக்கொண்டிருந்த ஒன்றிரண்டு விஷயங்கள் ஆட்டம் கண்டுவிட்டன. விவரம் அடுத்த பதிவில். அதற்குள் யாருக்காவது இதில் அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்.

சும்மாகேட்டேன்

ஐயா, "லத்தீன் பி 'வ', லத்தீன் பி 'ர'"ன்னு போட்டிருக்கீங்க. எந்த பி? 😀

குறில்நெடில்

ஹா, மாட்டிக்கொண்டேன். இரண்டு ஒலிக்கும் ஒரே ப வைத்திருக்கும் மொழியில் இதை எழுத வந்தது என் தப்பு. அந்த எழுத்துகளையே இங்கே ஒட்டினாலும் பயனில்லை, இரண்டும் அச்சு அசலாக ஒன்று போலத்தான் தெரியும், அதுதானே பிரச்சினையே. ஆகவே பட்டப்பெயர் வைத்துவிடுகிறேன். இரட்டை வயிறு: லத்தீனில் பாபாவின் ப, சிரிலிக்கில் வ. ஒற்றை வயிறு: லத்தீனில் படத்தின் ப, சிரிலிக்கில் ர. ஏணி: லத்தீனில் ஹ, சிரிலிக்கில் ந. பிறை: லத்தீனில் த்ஸ, சிரிலிக்கில் ஸ.

பெல்கிரேடுக்குப் போகிற வெளிநாட்டுக்காரர் எல்லோரும் தடுக்கி விழும் பலகை ஒன்று உண்டு. ஒற்றை வயிறு, எ, பிறை, த, ஒ, ஒற்றை வயிறு, அ, ஏணி. லத்தீன் கண்ணால் பார்த்தால் 'பெத்ஸ்தொபாஹ்'. சிரிலிக்கில் 'ரெஸ்தொரான்'. அதாவது உணவகம்!

பென்சில்சீவி

வெளிநாட்டுக்காரன் தடுக்குவது சரி. உள்ளூர்க்காரன் ஏன் தடுக்கணும்? அவன் அந்தச் சொல்லை ஆயிரம் தடவை பார்த்திருப்பான். பழகிய வாசகன் எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படிக்கிறதில்லை, சொல்லை மொத்தமாக ஒரு படம் மாதிரி பிடிக்கிறான். நடுவில் எழுத்தைக் கலைத்துப்போட்டாலும் படிக்கலாம் என்று கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சி ஒன்று சுற்றுமே.

முற்றுப்புள்ளி

அந்த ஃபார்வர்டு 2003 முதல் சுற்றுகிறது. கேம்பிரிட்ஜில் அப்படி ஓர் ஆராய்ச்சி நடக்கவே இல்லை என்று அங்கே பணியாற்றிய வாசிப்பு ஆய்வாளரே எழுதியிருக்கிறார். அதில் சொல்லும் விஷயம் முழுப்பொய் அல்ல, அரைகுறை உண்மை. அதை வைத்து 'சொல் ஒரு படம்' என்று முடிவு கட்ட முடியாது.

குறில்நெடில், அந்த 'வெதர்' சோதனையைத்தான் சொல்ல வருகிறீர்கள் என்று நினைக்கிறேன். நீங்களே சொல்லுங்கள், குறுக்கே வரவில்லை.

குறில்நெடில்

அதேதான். பென்சில்சீவியின் கேள்விக்கு நேர்பதில் அதில் இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

செர்பியத்தில் 'வெதர்' என்றால் காற்று (ஆங்கில வெதரோடு முடிச்சுப் போடவேண்டாம்). சிரிலிக்கில் எழுதினால்: இரட்டை வயிறு, எ, த, அ, ஒற்றை வயிறு. ஐந்தில் ஒன்றுகூட சிரிலிக்குக்கு மட்டும் உரிய எழுத்து இல்லை. லத்தீன் கணக்கில் வாசித்தால் 'பெதப்' என்று வரும், அப்படி ஒரு சொல்லே கிடையாது. அதே 'வெதர்' லத்தீனில் எழுதப்பட்டால் வ-வும் ர-வும் லத்தீனுக்கு மட்டுமே உரிய வடிவங்கள். வாசிக்க ஒரே வழிதான்.

சோதனை எளிது. திரையில் ஓர் எழுத்துக்கோவை வரும். இது சொல்லா, இல்லையா என்று பொத்தானை அழுத்த வேண்டும். பெல்கிரேடைச் சேர்ந்த ஜியோர்ஜியே லுகதெலா, அமெரிக்காவின் ஹாஸ்கின்ஸ் ஆய்வகத்தோடு சேர்ந்த மைக்கேல் டர்வி, லாரி ஃபெல்ட்மன் ஆகியோர் வெவ்வேறு கூட்டணிகளில் இதைச் செய்திருக்கிறார்கள். ஃபெல்ட்மனும் டர்வியும் 1983இல் வெளியிட்ட கட்டுரைதான் எனக்குப் பிடித்தது. இரண்டு எழுத்திலும் நன்றாகப் புழங்கும் வாசகர்கள், சிரிலிக் 'வெதருக்கு'ப் பதில் சொல்லத் தடுமாறினார்கள். லத்தீன் 'வெதருக்கு' அந்தத் தடுமாற்றம் இல்லை.

இதன் அழகைக் கவனியுங்கள். ஆங்கிலத்தில் இதுபோல் சோதிக்க வேண்டும் என்றால் இரண்டு வெவ்வேறு சொற்களை ஒப்பிட வேண்டும். ஒன்று அதிகம் புழங்கும், ஒன்று புழங்காது, ஒன்று நீளம், ஒன்று குட்டை என்று ஆயிரம் சாக்கு சொல்லலாம். இங்கே சொல் ஒன்றே, பொருள் ஒன்றே, அசை ஒன்றே. மாறியது சட்டை மட்டும்.

பென்சில்சீவி

சட்டை மாறினால் போதாதா? சிரிலிக்கே மெதுவாகப் படிக்கப்படும் எழுத்தாக இருக்கலாமே. அல்லது அந்த ஆட்கள் லத்தீனில் அதிகம் படித்தவர்களாக இருக்கலாம்.

குறில்நெடில்

அதற்குத்தான் ஒப்பீட்டுச் சொற்கள் வைத்தார்கள். இரண்டு எழுத்திலுமே ஐயத்துக்கு இடமில்லாத சொற்களை எடுத்து, சிரிலிக்கிலும் லத்தீனிலும் காட்டினார்கள். அங்கே அப்படியொரு இடைவெளி இல்லை. ஆக குற்றவாளி சிரிலிக் அல்ல, இரட்டை வாசிப்பு.

இன்னொன்று, இதுதான் என்னைத் தூங்கவிடாதது. 'பெதப்' என்று ஒரு சொல் அகராதியில் இல்லை. வாசகர் சொல்லைப் படமாகப் பார்த்து நேரே பொருளுக்குப் போகிறார் என்றால், அந்தப் படத்துக்கு மனத்தில் ஒரே ஒரு சொந்தக்காரர்தான்: காற்று. போட்டிக்கு ஆளே இல்லை. ஆளில்லாத போட்டியில் எப்படித் தாமதம் வரும்? சொல்லைக் கண்டுபிடிக்கும் முன்பே, எழுத்திலிருந்து ஒலி கட்டப்படுகிறது, அதுவும் இரண்டு கணக்கிலும் ஒரே சமயத்தில் கட்டப்படுகிறது என்றால்தான் இது புரிகிறது. அர்த்தமற்ற 'பெதப்' அர்த்தமுள்ள 'வெதரின்' காலை வாருகிறது.

சும்மாகேட்டேன்

ரெண்டுமே அர்த்தமுள்ளதா வர்ற சொல் இருக்கா?

நீலப்பேனா

இருக்கு தம்பி, நிறையவே. நான் வேலை நிமித்தமாக செர்பியாவின் நோவி சாத் நகரில் ஆறு வருஷம் இருந்தேன். ஒற்றை வயிறு, ஒ, த, ஒ, ஒற்றை வயிறு. லத்தீனில் 'பொதொப்', பெருவெள்ளம். சிரிலிக்கில் 'ரொதொர்', சுழலி. க, அ, பிறை, அ: சிரிலிக்கில் 'கசா', கல்லாப்பெட்டி. லத்தீனில் 'கத்ஸா', முட்டைக்கோஸ் ஊறப்போடும் மரத்தொட்டி. இதையெல்லாம் பெரியவர்கள் பிள்ளைகளுக்கு விடுகதை போல எழுதிக் காட்டுவார்கள்.

ஆனால் ஒன்று சொல்லட்டுமா? ஆறு வருஷத்தில் உள்ளூர்க்காரர் ஒருவர் பலகை முன்னால் நின்று திணறியதை நான் பார்த்ததில்லை. காலையில் அலுவலகத் தோழி 'பொலிதிகா' நாளிதழைப் படிப்பார், அது சிரிலிக். அதை மடித்து வைத்துவிட்டு லத்தீனில் வந்த மின்னஞ்சலைப் படிப்பார். நடுவில் எழுத்து மாறியதா என்று கேட்டால் யோசித்துத்தான் பதில் சொல்வார். நேற்று படித்த நாவல் எந்த எழுத்தில் இருந்தது என்று கேட்டேன், நினைவில்லை என்றார். கதை மட்டும் வரி வரியாக நினைவிருக்கிறது!

குறில்நெடில் சொல்லும் தாமதத்தை நம்புகிறேன், கடிகாரம் பொய் சொல்லாது. ஆனால் அது வாழ்க்கையில் எங்கே இருக்கிறது?

முற்றுப்புள்ளி

நீலப்பேனா அக்கா கேட்டது முக்கியமான கேள்வி. மூன்று இடங்களில் அது கரைந்துவிடுகிறது.

முதலாவது, தனி எழுத்து. ஐயத்துக்கிடமான சொல்லில் ஒரே ஒரு 'சொந்த' எழுத்து கலந்தாலும் தாமதம் போய்விடுகிறது. 'வெனா' என்றால் ரத்தக்குழாய். சிரிலிக்கில் இரட்டை வயிறு, எ, ஏணி, அ. லத்தீன் கணக்கில் 'பெஹா'. முழுக்க ஐயம். அதற்கே நான்காம் வேற்றுமை விகுதி சேர்ந்தால் 'வெனி'. கடைசி 'இ' சிரிலிக்குக்கு மட்டுமே உரிய வடிவம். அவ்வளவுதான், நான்கில் ஓர் எழுத்து முழுச் சொல்லுக்கும் சாட்சி சொல்லிவிடுகிறது. பெயர்ச்சொல் ஒவ்வொன்றும் வேற்றுமைதோறும் வால் மாற்றிக்கொண்டே இருக்கும் மொழி அது. வாக்கியத்துக்குள் வரும்போது பாதி ஐயம் வாலிலேயே தீர்ந்துவிடும்.

இரண்டாவது, அக்கம்பக்கம். லுகதெலா குழு 1989இல் இதைத் தனியாக ஆராய்ந்தது. பொருளில் தொடர்புடைய ஒரு சொல்லை முன்னால் காட்டிவிட்டு ஐயச்சொல்லைக் காட்டினால் தடுமாற்றம் தணிகிறது. நாளிதழில் ஐயச்சொல்லைச் சுற்றி எப்போதும் இருநூறு சொற்கள் நிற்கின்றன.

மூன்றாவதை எழுத்துரு வேலை செய்பவர் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும். சோதனைகள் பெரிய எழுத்தில் நடந்தவை.

அடைப்புக்குறி

கூப்பிட்ட குரலுக்கு வந்தேன், நம்ம பிழைப்பே எழுத்துருதான்.

சிறிய எழுத்துக்கு வந்தால் இந்தக் குழப்பம் பாதி காலி. சிரிலிக்கில் சிறிய 'வ'வும் சிறிய 'ந'வும் பெரிய எழுத்தைச் சுருக்கி வைத்தது போலவே இருக்கும். லத்தீனில் அந்த இரண்டுக்கும் சிறிய வடிவம் வேறு: நீட்டின தண்டும் ஒரு வயிறும், நீட்டின தண்டும் ஒரு வளைவும். ஆக அச்சில் சிறிய எழுத்தில் மிஞ்சுவது பிறையும் ஒற்றை வயிறும்தான்.

அப்பாடா என்று உட்கார்ந்தால் சாய்வெழுத்து வந்து நிற்கும். சிரிலிக் சாய்வெழுத்து கையெழுத்திலிருந்து வந்தது, நேரெழுத்தைச் சாய்த்தது அல்ல. சிரிலிக் 'இ' சாய்ந்தால் லத்தீன் 'உ' மாதிரி ஆகிவிடும். 'த' ரஷ்ய வழக்கில் சாய்ந்தால் லத்தீன் 'ம' மாதிரி. செர்பியர்கள் அதே 'த'வை மூன்று கால் போட்டு மேலே ஒரு கோடு இழுப்பார்கள், 'ப'வுக்கு இரண்டு கால், மேலே கோடு. ரஷ்ய வழக்குக்கென்று வரைந்த எழுத்துருவை செர்பியப் புத்தகத்துக்கு அப்படியே தூக்கிப்போட்டால் படிக்க வரும், ஆனால் அந்நியமாக இருக்கும். ஒரு தடவை நான் அதைச் செய்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கணினிக்கு இந்தத் துன்பம் எதுவும் இல்லை. யூனிகோடில் சிரிலிக் பிறை வேறு எண், லத்தீன் பிறை வேறு எண். அதனாலேயே மோசடி இணைய முகவரிகளில் லத்தீன் எழுத்துக்குப் பதில் சிரிலிக் இரட்டையரைச் செருகி ஏமாற்ற முடிகிறது. மனிதக் கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு.

பென்சில்சீவி

சரி, பாதி தோற்றேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் ஒரு கேள்வி. இது செர்பிய மொழிக்கு மட்டும் உண்மையாக இருக்கலாம் இல்லையா? எழுத்தும் ஒலியும் அவ்வளவு ஒட்டி இருக்கிற மொழியில், ஒலி வழியாகப் போவது லாபம். ஆங்கிலத்தில் எழுத்தை நம்பிப் போனால் தெருவில்தான் நிற்கணும். எல்லா மூளையும் ஒலியைக் கட்டிக்கொண்டுதான் படிக்கிறது என்று எப்படிச் சொல்வீர்கள்?

முற்றுப்புள்ளி

சொல்லவில்லை, நீங்கள் கேட்பது சரியான இடத்தில்தான் குத்துகிறது. ராம் ஃப்ராஸ்ட், லெனார்ட் காட்ஸ், ஷ்லோமோ பென்டின் மூவரும் 1987இல் ஹீப்ரு, ஆங்கிலம், செர்போ குரோஷியன் (செர்பியத்தையும் குரோஷியத்தையும் ஒரே மொழியாகச் சொன்ன அன்றைய பெயர்) மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஹீப்ருவில் உயிர்க்குறிகளை வழக்கமாக எழுதுவதில்லை; சொல் தெரிந்தால்தான் வாய்விட்டு வாசிக்க முடியும். அங்கே சொல்லை உச்சரிக்கும் வேகம், அது எவ்வளவு பழகிய சொல் என்பதைப் பெரிதும் சார்ந்திருந்தது. செர்போ குரோஷியனில் அந்தச் சார்பு குறைவு. ஆங்கிலம் நடுவில். எழுத்து ஒலியோடு ஒட்டி 'மேலோட்டமாக' இருந்தால் ஒலி வழி, ஒலியிலிருந்து விலகி 'ஆழமாக' இருந்தால் சொல் வழி என்ற கருத்துக்கு இதுதான் அடிப்படை. என்றாலும் ஆழமான மொழிகளிலும் ஒலி முற்றிலும் ஒதுங்கிவிடுவதில்லை என்று ஃப்ராஸ்டே பின்னாளில் வாதாடியிருக்கிறார். சண்டை இன்னும் ஓயவில்லை.

என் சொந்தக் கருத்து: 'வெதர்' சோதனை காட்டுவது "எல்லோரும் ஒலி வழியே வாசிக்கிறார்கள்" என்பதை அல்ல. தெரிந்த ஓர் எழுத்தை வாசிக்காமல் இருக்க முடியாது என்பதைத்தான். "இது சிரிலிக், லத்தீனை மூடி வை" என்று மனத்துக்குக் கட்டளை போட முடிவதில்லை.

குறில்நெடில்

இதைத்தான் நான் மூன்று பத்தியில் சொல்லத் திணறினேன்.

நம் கையிலேயே இதற்கு ஒரு சின்னச் சான்று உண்டு. 'எட்டேகால் லட்சணம்' என்று திட்டுவார்களே, அது ஓடுவது எப்படி? தமிழ் எண்ணில் எட்டு என்பது அ-வின் வடிவம். கால் என்பது வ-வின் வடிவம். சேர்த்தால் 'அவ', அவலட்சணம். ஒரே வடிவம், ஒரு கணக்கில் எண், இன்னொரு கணக்கில் எழுத்து. தமிழ் எண்களில் புழங்கியவனுக்குத்தான் அந்தத் திட்டு உறைக்கும். எனக்கு முதல் தடவை விளக்கம் சொல்லித்தான் உறைத்தது, அதுவும் தாமதமாக.

சும்மாகேட்டேன்

அப்போ நமக்கு விளங்காத திட்டை வாங்கிட்டு சிரிச்சிருக்கோம் 😐

அடைப்புக்குறி

ஜப்பானியத்தில் இன்னும் வேடிக்கை. கதகானா என்ற அசையெழுத்து வகையின் 'க'வும், வலிமை என்ற பொருள் தரும் சீன எழுத்தும் கிட்டத்தட்ட ஒரே கோடுகள். கதகானா 'ரொ'வும் வாய் என்னும் எழுத்தும் அப்படித்தான், ஒரு சதுரம். ஆனால் அங்கே எழுத்து வகைகள் எல்லாம் ஒரே வாக்கியத்தில் கலந்தே வரும், பக்கத்து எழுத்து உடனே காட்டிக்கொடுத்துவிடும். செர்பியத்தில் ஒரு சொல்லுக்குள் இரண்டையும் கலக்கமாட்டார்கள். அதனால்தான் ஒரு தனி எழுத்து முழுச் சொல்லுக்கும் ஜாமீன் நிற்கிறது.

பென்சில்சீவி

எந்த எழுத்தை முதலில் கற்கிறார்கள் அக்கா? முதலில் கற்றது பலமாக இருக்காதா?

நீலப்பேனா

செர்பியாவில் முதல் வகுப்பில் சிரிலிக், இரண்டாம் வகுப்பில் லத்தீன். செர்பியாவும் குரோஷியாவும் ஒரே நாடாக இருந்த யுகோஸ்லாவியா காலத்தில், குரோஷியாவில் வரிசை தலைகீழ், லத்தீன் முதலில். 1954இல் நோவி சாதில் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள், இரண்டு எழுத்தும் சமம் என்று. அதனால்தான் அந்தத் தலைமுறை முழுவதும் இரண்டிலும் வல்லவர்களாக வளர்ந்தார்கள், ஆய்வாளர்களுக்கும் வேட்டை கிடைத்தது. இப்போது கதை வேறு. 2006ஆம் ஆண்டு அரசியல் சட்டப்படி செர்பியாவில் அலுவல் எழுத்து சிரிலிக். கடைப் பலகை, விளம்பரம், கைபேசி எல்லாம் பெரும்பாலும் லத்தீன். குரோஷியாவில் வூகோவர் நகரில் 2013இல் சிரிலிக்கும் சேர்த்து வைத்த பலகைகளை உடைத்தார்கள். சாலையில் அது வெறும் எழுத்து அல்ல, செர்பியர்களோடு நடந்த போரின் நினைவு. பொத்தான் அழுத்தும் அறைக்குள் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

அப்புறம், லத்தீன் என்றாலே தெளிவு என்று நினைக்காதீர்கள். சிரிலிக்கில் 'ஞ' ஒலிக்கு ஓரெழுத்து. லத்தீனில் ந, ய இரண்டையும் ஒட்டிப்போட்டு ஓரெழுத்து என்று கணக்கு. குறுக்கெழுத்துப் புதிரில் அந்த இரண்டும் ஒரே கட்டத்துக்குள் உட்காரும். ஆனால் ஊசி போடுவதைக் குறிக்கும் 'இன்யெக்த்ஸியா'வில் ந தனி, ய தனி. லத்தீனிலிருந்து சிரிலிக்குக்கு மாற்றும் மென்பொருள் அங்கே சறுக்கி 'இஞெக்த்ஸியா' ஆக்கிவிடும்.

அடைப்புக்குறி

உண்மை. சிரிலிக்கிலிருந்து லத்தீனுக்கு மாற்றுவது ஒரு வரி வேலை. திரும்பி வர விதிவிலக்குப் பட்டியல் வேண்டும்.

பென்சில்சீவி

அப்போ நடைமுறையில் உள்ளூர்க்காரரையே தடுமாற வைக்கிற இடம் எதுவுமே இல்லையா? கண்ணால் பார்த்த ஒன்று சொல்லுங்கள், முழுசாகத் தோற்றுப் போகிறேன்.

நீலப்பேனா

இருக்கிறது, ஆனால் நீங்கள் தேடும் இடத்தில் இல்லை. கைபேசியில் தட்டும்போது லத்தீன் எழுத்துக்கு மேலே போட வேண்டிய குறிகளை யாரும் போடுவதில்லை. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஒஷிஷானா லத்தினித்ஸா', மொட்டையடித்த லத்தீன். பிறைக்கு மேல் சாய்கோடு போட்டால் ஒரு 'ச்ச', கொக்கி போட்டால் இன்னொரு 'ச்ச'. மொட்டையடித்தால் எல்லாமே வெறும் பிறை.

ஒரு தோழி எனக்குச் செய்தி அனுப்பினார். "வாங்கிட்டோம்" என்று சொல்லிவிட்டு க, உ, பிறை, எ. சாய்கோடு வைத்துப் படித்தால் வீடுகள். பன்மையாயிற்றே என்றுகூட யோசிக்காமல், ரொம்ப சந்தோஷம், எத்தனை அறை, கடன் போட்டீங்களா என்று வரிசையாகக் கேட்டு அனுப்பினேன். அவர் கணவரும் பக்கத்தில் இருந்து படித்திருக்கிறார். நான் என்ன கேட்கிறேன் என்று அவர்களுக்கே கொஞ்ச நேரம் புரியவில்லையாம், ஏனென்றால் அவர்கள் கொக்கி வைத்துத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

பத்து நிமிஷம் கழித்து ஒரு படம் வந்தது. செருப்பைக் கடித்துக்கொண்டிருக்கும் நாய்க்குட்டி.

சும்மாகேட்டேன்

எத்தனை அறை? 😂

பென்சில்சீவி

தோற்றேன்.